பாலக்காட்டுக் கணவாயையும் வரைபடத்தில் போடுங்கள்

ஓர் உயிரினம் எங்கெங்கே வாழ்கிறது என்பதோடு அதன் மரபணு இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்பதையும் வரைபடமாக்க வேண்டும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், சரிதான், ஆனால் உதாரணத்துக்கு வெளிநாடு எதற்கு? எங்கள் கொடைக்கானலில் வட்டக்கானல் சோலைக்குள், அதாவது மலை உச்சியின் பசுமைமாறாக் காட்டுக்குள் போனால் ஈரச் சருகில் தத்தித் தத்திப் போகும் நீலக் குருவி ஒன்றைப் பார்க்கலாம், பெயர்தான் சோலைக்கிளி, வயிறு வெள்ளை, விலா சாம்பல் நீலம். ஊட்டிப் பக்கம் இதே சாயல்தான், விலா மட்டும் துருச் சிவப்பு. ரொம்ப நாள் இரண்டையும் ஒரே இனமாகத்தான் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு மலைக்கும் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்வான இடைவெளி, 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய், உச்சிச் சோலையை விட்டு இறங்காத குருவி அந்த வெக்கையைத் தாண்டி எப்படிப் போகும்? மரபணுவைப் பார்த்து 2017இல் இவற்றுக்குத் தனிப் பேரினமே, அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்க்கும் தனிக் குழுவே, கொடுத்துவிட்டார்கள். சிரிப்பான் குருவிகளுக்கும் அப்படியே. அட, வரையாட்டிலும் கணவாய்க்கு வடக்கு, தெற்கு என்று மரபணு பிரிந்துதான் கிடக்கிறது.

அப்புறம் ஒன்று. இங்கே வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில், பைன் மரங்களை எடுத்துவிட்டுச் சோலை நாற்று நடுகிறோம் என்கிறார்கள், நல்லது, ஆனால் விதை எந்த மலையிலிருந்து வந்தது என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. குருவிக்குப் பார்த்த மரபணுக் கணக்கை மரத்துக்கும் பார்க்க வேண்டாமா? அதுவரை கொடைக்கானல் இருக்கும் பழனிமலைக்குப் பழனிமலை விதையையே எடுங்கள்.