ஸ்பெக்ட்ரம் என்றாலே நிறமாலையா?

'பரந்த நிறமாலை நுண்ணுயிர்க்கொல்லி.' 'பிராட் ஸ்பெக்ட்ரம் ஆன்டிபயாடிக்' என்பதன் தமிழாக்கம் இது. இதைப் படிக்கும் நோயாளிக்கு என்ன புரியும்? மாத்திரையின் நிறத்தைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள் என்று அவர் நினைத்தால் அவர்மேல் தப்பில்லை. சொல்ல வந்தது ஒன்றுதான்: டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்து ஒரு வகைக் கிருமியோடு நிற்காது, பலவகைக் கிருமிகள்மேல் வேலை செய்யும். இதில் நிறமும் இல்லை, மாலையும் இல்லை. ஸ்பெக்ட்ரம் என்று எங்கே கண்டாலும் நிறமாலை என்று போட்டுவிடும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

ஸ்பெக்ட்ரம் என்ற சொல் பிறந்தபோது அதற்கும் நிறத்துக்கும் சம்பந்தமே கிடையாது. லத்தீனில் 'ஸ்பெகெரே' என்றால் பார்த்தல். நாம் தினமும் சொல்லும் ஸ்பெக்ஸ், இன்ஸ்பெக்டர் இரண்டும் அதே வேரில் கிளைத்தவை. 'ஸ்பெக்ட்ரம்' என்றால் கண்ணுக்குத் தோன்றுவது, உரு. பொருள்களிலிருந்து மெல்லிய உருக்கள் உரிந்து பறந்து வந்து நம் கண்ணில் படுகின்றன என்பது கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸின் வழியினர் கொண்ட கொள்கை. அந்த உருக்களுக்கு அவர்களில் ஒருவரான காட்டியஸ் இந்தச் சொல்லைப் போட்டதை, பொ.ஆ.மு. 45இல் நண்பர் காசியஸுக்கு எழுதிய கடிதத்தில் ரோமானியப் பேச்சாளர் சிசரோ கிண்டல் செய்திருக்கிறார். ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் ஆவியுரு என்ற பொருளில்தான் வந்தது. பேயைக் குறிக்கும் 'ஸ்பெக்டர்' இதன் உடன்பிறப்பு. நம்மிடம் இதற்கு அச்சாக ஒரு சொல் உண்டு: உருவெளித்தோற்றம். எதிரில் இல்லாத காதலியின் உரு கண்முன் நிற்பதை அகப்பொருள் மரபு அப்படித்தான் சொல்கிறது.

இந்தச் சொல்லை ஒளிக்குக் கொண்டுவந்தவர் நியூட்டன். 1672 பிப்ரவரியில் லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் கணக்கு முழுவதும் இருக்கிறது. ஜன்னல் கதவில் கால் அங்குல ஓட்டை, அதையொட்டி ஒரு முப்பட்டகம், 22 அடி தள்ளிச் சுவர். சுவரில் விழுந்த நிறப்பட்டை 13¼ அங்குல நீளம், 2⅝ அங்குல அகலம். வட்டமாக விழும் என்று எதிர்பார்த்தவருக்கு அகலத்தைப்போல் ஐந்து மடங்கு நீளம் கிடைத்தது. எல்லோரும் இந்த நீளத்தையே பேசுவார்கள். அகலத்தைப் பாருங்கள். 2⅝இல் ஓட்டையின் கால் அங்குலத்தைக் கழித்தால் 2⅜. அதை 22 அடியால், அதாவது 264 அங்குலத்தால், வகுத்துக் கோணமாக்கினால் சுமார் அரைப் பாகை வரும். வானத்தில் சூரியன் நமக்குக் காட்டும் அகலமும் அதேதான்! சுவரில் விழுந்தது சூரியனுடைய உரு. பக்கவாட்டில் மாறாமல், ஒரே திசையில் மட்டும் இழுபட்ட சூரியன். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வட்டச் சூரியன், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வரிசையாக. அதனால்தான் அவர் அதை 'உரு' என்றார்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு பிளேடுகளின் கூர்முனைகளை எதிரெதிரே வைத்து 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒரு அட்டைப்பெட்டியில் ஒட்டுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு குறுந்தகட்டுத் துண்டைச் சாய்த்து வையுங்கள். அதன் தடங்களுக்கிடையே 1.6 மைக்ரோமீட்டர்தான் என்பதால் அது ஒளியைப் பிரித்துவிடும். தடங்கள் வளைந்தவை, ஆகவே வெளிவிளிம்புத் துண்டாக எடுங்கள், பிளவும் தடமும் ஒரே திசையில் இருக்கட்டும். கோணலானால் கோடுகள் மங்கும். பிளவு வழியே ஒளி போகும்படி பெட்டியை எல்.இ.டி. அல்லாத பழைய வகைக் குழல்விளக்கின் பக்கம் திருப்பி, தகட்டைப் பாருங்கள். பாதரசத்தின் பச்சைக்கோடு, 546 நானோமீட்டர், பளிச்சென்று நிற்கும். இப்போது பிளவை ஒரு மில்லிமீட்டராக அகட்டுங்கள், கோடும் தடித்துவிடும். ஏனென்றால் அந்தக் கோடு பிளவின் உரு. பிளவுக்குப் பதில் ஊசித்துளை வைத்தால் கோடு புள்ளியாகிவிடும். 'வரி நிறமாலை' (லைன் ஸ்பெக்ட்ரம்) என்று படிக்கும் மாணவருக்கு இந்த ஒன்றைச் சொல்லாமல் விடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

1786இல் ராபர்ட் டார்வின், சார்லஸ் டார்வினின் தந்தை, கண்ணில் தங்கும் பின்னுருவுக்கும் இதே சொல்லைத்தான் எழுதினார். 1800இல் வானியலாளர் ஹெர்ஷல், முப்பட்டகம் பிரித்த சூரிய ஒளியில் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்தபோது அங்கும் வெப்பம் ஏறியது. நிறம் அங்கேயே முடிந்துவிட்டது, ஸ்பெக்ட்ரம் முடியவில்லை. அடுத்த ஆண்டு ஜெர்மன் அறிவியலாளர் ரிட்டர் ஊதாவுக்கு அப்பாலும் கதிர் இருப்பதைக் காட்டினார். அதன்பிறகு இந்தச் சொல்லின் உயிர் நிறத்தில் இல்லை, 'ஓர் அளவின்படி பிரித்து வரிசையாகப் பரப்பியது' என்பதில் இருக்கிறது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வரும் 'திருசியம்' வடசொல்தான், ஆனாலும் 'காணப்படுவது' என்ற பொருளில் லத்தீன் மூலத்துக்கு அதுவே மிக நெருக்கம். நிறமாலை கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அழகான சொல், அங்கே அதை யாரும் மாற்ற வேண்டாம். செய்தித்தாள்கள் பரப்பிய அலைக்கற்றையும் நல்ல சொல். ஏலத்தில் விற்பது உண்மையிலேயே அலைவெண்களின் ஒரு கற்றையைத்தானே. சிக்கல் 'மாஸ் ஸ்பெக்ட்ரம்' என்பதைத் 'திணிவு நிறமாலை' என்று எழுதுவது போன்ற இடங்களில். அங்கே மின்னூட்டம் பெற்ற துகள்களான அயனிகளை, அவற்றின் நிறை, மின்னூட்டம் இரண்டுக்கும் உள்ள விகிதப்படி வரிசைப்படுத்துகிறார்கள். 'நிறைப் பரவல்' என்று எழுதினால் யாருக்கும் விளங்கும்.

மொழிபெயர்ப்பவர் முதலில் எது பரப்பப்படுகிறது, எந்த அளவின்படி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பதிலில் நிறம் இல்லையென்றால் நிறமாலையும் வேண்டாம். 'அரசியல் நிறமாலை முழுவதும்' என்பதை 'இடதுசாரி முதல் வலதுசாரி வரை' என்று எழுதலாம்.

ஆட்டிசத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் முதலில் 'தொடர்ச்சி' என்று பொருள்படும் சொல்லைத்தான் வைத்திருந்தார், பிறகே ஸ்பெக்ட்ரத்துக்கு வந்தார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்.மின் ஐந்தாம் பதிப்பு, 2013இல் வந்தது, அதற்குமுன் தனித்தனிப் பெயர்களில் இருந்தவற்றை அதன்கீழ் ஒன்றாக்கியது. இங்கே 'கொஞ்சம்' தொடங்கி 'அதிகம்' வரை போகும் ஒற்றைக் கோடு கிடையாது. ஒரு குழந்தை சரளமாகப் பேசும், ஆனால் மிக்சி சத்தத்தைத் தாங்காது. இன்னொரு குழந்தை பேசாது, ஆனால் சத்தம் அதற்குப் பொருட்டே இல்லை. 'ஆட்டிச நிறமாலைக் குறைபாடு' என்று எழுதிய அறிக்கையைக் கையில் வாங்கும் பெற்றோருக்கு இதில் எதுவும் போய்ச் சேராது. 'ஆட்டிசம், ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு விதமாக வெளிப்படும் நிலை' என்று எழுத ஒரு வரி கூடுதலாகும். அந்த வரிக்கு அறிக்கையில் இடம் இருக்கிறது.