பாட்டுக்கு முந்திய இரண்டு நிமிடம்

போன மாதம் ஒரு கல்யாண விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார். "யூடியூப்ல எல்லாப் பாட்டும் கெடக்குதேம்மா. வேல முடிஞ்சு வந்து தூக்கத்தக் கெடுத்துக்கிட்டு நீங்க அஞ்சு பேரு எதுக்கு வானொலி நடத்துறீங்க?" அக்கறையோடுதான் கேட்டார். அந்த இரைச்சலில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வாரத்துக்கு ஒரு மணி நேரம், சனிக்கிழமை இரவில், இணையம் வழியாக, நாட்டுப்புறப் பாட்டுக்கென்றே ஒரு நிகழ்ச்சி செய்கிறோம். ஐந்து பேருமே தொண்டூழியர்கள். நான் கணக்கு வேலை பார்க்கிறேன். ஒருவர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற அண்ணன். வியாழக்கிழமை இரவு இங்கே சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் ஒரு தோழியின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பதிவு நடக்கும், அதுவும் பாம் ஷெல்டருக்குள், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுப் பாதுகாப்பு அறைக்குள். கனத்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. வெளிச் சத்தம் உள்ளே வராது. மின்விசிறி போட்டால் அது ஒலிப்பதிவில் விழும் என்பதால் வியர்த்து வழிந்துகொண்டே பேசுவோம். உள்ளே வைஃபையும் எட்டாது. பேசி முடித்துக் கதவைத் திறந்து வந்து கூடத்தில் உட்கார்ந்துதான் இணையத்தில் ஏற்றுவோம்.

உறவுக்காரர் சொன்னது உண்மைதான். பாட்டு கிடக்கிறது. ஆனால் கிடக்கிற பாட்டைக் கேட்கிறவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு வேலை. என்னைக் கேட்டால், எங்கள் நிகழ்ச்சியின் உயிர் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நாங்கள் பேசுகிற அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது.

ஏற்றப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தோ பாயோவில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு ஏற்றம் என்றால் என்ன தெரியும்? கிணற்று நீரை இறைக்க ஒருவர் துலா மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடப்பார். கீழே நிற்பவர் 'சால்' என்கிற தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். பாட்டில் எண்கள் வரிசையாக வருவது அழகுக்காக இல்லை. எத்தனை சால் இறைத்தாயிற்று என்று கணக்கு வைப்பதே பாட்டுத்தான். பம்புசெட் வந்தது, துலா இறங்கியது, பாட்டுக்கு வேலை போயிற்று. இதைச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகூடக் காதைக் கொடுத்துக் கேட்கிறது. சொல்லாமல் போட்டால் யாரோ ஒரு தாத்தா எண்ணுகிற சத்தம், அவ்வளவுதான்.

நடவுப் பாட்டும் அப்படித்தான். நாற்று நடும் பெண்கள் குனிந்தபடி பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது புத்தகம் இல்லை. துவாஸ் பக்கம் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குவிடுதியில் இருக்கும் ஒரு புதுக்கோட்டைத் தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் வந்து, அவன் அம்மா பாடும் நடவுப் பாட்டைப் பாடினான். பாதியில் வேகம் கூடியது. ஏன் என்று கேட்டேன். "பொழுது சாயப் போவுதுக்கா. மிச்சத்த நட்டு முடிச்சாத்தானே கூலி வாங்கிட்டுப் போவ முடியும்" என்றான். அன்றைக்கு அந்த இரண்டு நிமிடத்தை அவனிடமே கொடுத்துவிட்டேன். தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், ஞாயிற்றுக்கிழமை கூடும் தொழிலாளர் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களை எனக்குத் தெரியும். நாம் விழா மேடையில் வைத்துக் கொண்டாட நினைக்கிற பாட்டு அந்தக் கூட்டத்தில்தான் இன்னும் உயிரோடு நடமாடுகிறது. இது எனக்கு வெகுநாள் மனத்தாங்கல், அதனால் சொல்லிவிட்டேன்.

சினிமாவில் வரும் குத்துப் பாட்டையும் போடுங்களேன் என்று வாரத்துக்கு இரண்டு பேராவது எழுதுகிறார்கள். எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் அவற்றைக் கேட்க நாள் முழுக்க இடம் இருக்கிறது. இந்த ஒரு மணி நேரத்தை அவற்றுக்குக் கொடுக்க மாட்டோம். கொல்லங்குடி கருப்பாயி அம்மாள் வானொலியில் பாடிக்கொண்டிருந்தவர். 1985இல் வந்த ஆண்பாவம் படத்தில் நடித்த பிறகுதான் அவர் முகம் ஊருக்கெல்லாம் தெரிந்தது. அவரைச் சினிமாப் பாட்டியாக மட்டும் நினைவு வைத்திருப்பவர்களுக்கு அவர் குரலை அறிமுகம் செய்ய வேண்டியிருக்கிறதே, அதற்குத்தான் இந்த நேரம்.

இனி செம்பவாங் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

ஒரு வாரம் தாலாட்டு போட்டோம். 'தால்' என்றால் நாக்கு, நாவை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்று அண்ணன் விளக்கினார். தாய்மாமன் என்னென்ன சீர் கொண்டுவருவான் என்று அடுக்குகிற இடத்தில் எங்களிடம் இருந்த ஒலிப்பதிவு தேய்ந்து இரண்டு அடி விட்டுப்போயிருந்தது. அதை அப்படியே சொல்லி, தெரிந்தவர்கள் பாடி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். திங்கட்கிழமை காலை வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. பேத்தியின் கைப்பேசியிலிருந்து எண்பது வயது தாண்டிய ஒரு பாட்டி பாடியிருந்தார். விட்டுப்போன அடிகள் அதில் இல்லை. அவர் பாட்டில் மாமன் கப்பலேறி வருகிறான். மல்லியப்பூவைத் தேக்கா மார்க்கெட்டில் வாங்குகிறான். கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த கணவரோடு இங்கே வந்த அவருடைய மாமியார் கட்டிப் பாடியதாம். எம்.ஆர்.டி ரயிலில் கேட்டுக்கொண்டிருந்த நான் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். சிங்கப்பூருக்கென்று ஒரு தமிழ்த் தாலாட்டு இருக்கிறது. செம்பவாங்கில் அந்த ஒரு வீட்டைத் தவிர வேறெங்கும் அதை நான் கேட்டதில்லை.

அடுத்த வாரம் பதிவுக் கருவியோடு அவர் வீட்டுக்குப் போனோம். தாலாட்டு, கும்மி, மாரியம்மன் பாட்டு எல்லாம் பாடினார். ஒப்பாரி தெரியுமா பாட்டி என்று தயங்கிக் கேட்டேன். தெரியும் என்று தலையாட்டிவிட்டு, "வீட்டுக்குள்ள அதப் பாடக் கூடாது பாப்பா. வெளக்கு வச்ச வீடு" என்றார். கீழ்த்தளத்தில் பாடலாமா என்றால் அதுவும் வேண்டாம், அக்கம்பக்கத்தில் பிள்ளைகள் நடமாடும் இடம் என்றார். கடைசியில் சக்கர நாற்காலியில் வைத்து செம்பவாங் பூங்காவுக்குக் கூட்டிப்போனோம். கடலைப் பார்த்து உட்கார்ந்து, 1970களில் இறந்த தன் தங்கைக்காகப் பாடினார். ஏழு நிமிடம். நடுவில் ஹெலிகாப்டர் ஒன்று கடந்துபோகிற சத்தம் விழுந்திருக்கிறது. மறுபடி பாடச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அந்தச் சத்தத்தோடுதான் வைத்திருக்கிறோம்.

அதை ஒலிபரப்பலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம். சனிக்கிழமை இரவு சமைத்துக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் கேட்கிறவர்கள் வீட்டில் ஒப்பாரி ஒலிக்கலாமா? பாட்டியே வீட்டுக்குள் பாட மறுத்ததை நாம் நூறு வீட்டுக்குள் கொண்டுபோவது நியாயமா? தோழி கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் இன்று இங்கே துக்க வீடுகளில் பெரும்பாலும் ஒலிப்பதிவில் சிவபுராணம்தான் கேட்கிறது. ஒப்பு வைத்து அழத் தெரிந்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முடிவைப் பாட்டியிடமே விட்டோம். "முன்னாடியே சொல்லிப்புடுங்க. கேக்க விரும்பாதவங்க அணைச்சுக்கட்டும்" என்றார். இரவு பத்து மணிக்கு மேல் தனியாக, முன்னறிவிப்போடு போட்டோம். திட்டியும் எழுதினார்கள். அம்மா போனபோது அழ முடியாதவள் அன்றைக்கு அழுதேன் என்றும் ஒருவர் எழுதினார்.

இந்த முடிவுகளை எடுக்க மனிதர் வேண்டும். எந்தப் பாட்டை எந்த நேரத்தில் போடலாம், எதைச் சொல்லிவிட்டுப் போட வேண்டும் என்று யோசிக்க ஒரு ஆள் வேண்டும். யூடியூப் அந்த ஒப்பாரியைக் கும்மிக்கும் பிறந்தநாள் பாட்டுக்கும் நடுவில் கொண்டுவந்து போட்டுவிடும்.

எங்கள் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி ரெடிஃபியூஷன் பற்றி அடிக்கடி பேசுவார். 1949இல் இங்கே தொடங்கிய கம்பிவழி வானொலி அது. அதில் லீ டாய் சோர் கான்டனீஸ் மொழியில் கதை சொல்லும் நேரத்தில் காப்பிக்கடையே அடங்கிக் கிடக்குமாம். 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் கான்டனீஸ் போன்ற சீனக் கிளைமொழி நிகழ்ச்சிகள் வானொலியிலிருந்து போய்விட்டன. "என் பேரனுக்கு என் மொழியில் கதை சொன்னால் புரியாது" என்கிறார் ஆண்ட்டி. நம் தமிழ் ஆட்சிமொழி, நமக்கென்று முழுநேர வானொலி இருக்கிறது. அந்தப் பாக்கியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. மொழியே வீட்டில் மெலியும்போது, சமையலறையிலும் தூளியருகிலும் மட்டுமே இருந்த பாட்டுக்கு என்ன ஆகும்?

அதே 1979இல்தான் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யும் பிரிவும் இங்கே தொடங்கியது. தேசிய ஆவணக் காப்பகத்தில் தமிழர் நேர்காணல்களும் இருக்கின்றன, நான் மணிக்கணக்கில் கேட்டிருக்கிறேன். பெரிய வேலை அது. ஆனால் காப்பகத்தை நாம்தான் தேடிப் போக வேண்டும். வானொலி நாம் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கே வந்துவிடும். இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி.

சம்பளமில்லாமல் இது எத்தனை நாள் ஓடும் என்றும் கேட்கிறார்கள். சென்னையில் முதன்முதலில் ஒலிபரப்பு நடத்தியதே ஆர்வலர்கள்தான். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய வானொலிக் கழகம் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. 1920களில் சிங்கப்பூரிலும் ஆர்வலர் சங்கம்தான் வானொலிக்கு அடி போட்டது. சென்னைக் கழகம் 1927இல் பணமில்லாமல் நின்றுபோனது என்பதும் உண்மை. பிறகு மாநகராட்சி எடுத்து 1930இல் மீண்டும் நடத்தியது. ஆர்வம் மட்டும் போதாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெலங்கானாவின் மாச்சனூரில் தலித் பெண்கள் 2008இல் தொடங்கிய சங்கம் ரேடியோவைப் பாருங்கள், பாம்பனில் மீனவர்களுக்காக 2016இல் வந்த கடல் ஓசை வானொலியைப் பாருங்கள். யாருடைய பாட்டோ அவர்கள் கையிலேயே மைக் இருக்கும்போது அந்த நிகழ்ச்சிக்கு வரும் தெம்பு தனி.

எங்களுக்கு நன்கொடையைவிட ஆள்தான் தேவை. வாரத்துக்கு மூன்று மணி நேரம் தரக்கூடிய இளையர்கள் இரண்டு பேர் வந்தால் போதும். தமிழ் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை, பெரியவர்களிடம் பொறுமையாகக் கேள்வி கேட்கத் தெரிந்தால் சரி. இன்னொன்று, உங்கள் வீட்டுப் பாட்டியிடம், பெரியம்மாவிடம் கைப்பேசியை வைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்யுங்கள். எந்த ஊர்ப் பாட்டு, யாரிடம் கேட்டது, எந்த வேலையின்போது பாடியது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அவர்களிடம் சம்மதம் கேட்டு, பிறகு எங்களுக்கு அனுப்புங்கள். நாட்டுப்பாட்டுக்கு ஆசிரியர் பெயர் இல்லாவிட்டாலும் விற்பனைக்கு வந்த ஒலிநாடாக்களுக்கு உரிமையாளர் உண்டு, நினைத்ததையெல்லாம் எங்களால் போட்டுவிட முடியாது. உங்கள் பாட்டியின் குரலை, அவர் சரி என்று சொன்னால், தாராளமாகப் போடலாம்.

செம்பவாங் பாட்டி நேற்று பேத்தியை விட்டுப் பேசச் சொன்னார். அன்றைக்கு ஒப்பாரியில் நடுவே ஓர் அடி மறந்துபோயிருந்ததாம், இப்போது ஞாபகம் வந்துவிட்டதாம். பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். அதே பூங்கா, அதே கடற்கரை. செவ்வாய், வெள்ளி மட்டும் வேண்டாமாம்.