“எச்.எம். சார் பார்த்துச் செய்வார்”

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் 1 சேர வேண்டும் என்றால் மதிப்பெண் சான்றிதழ், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாம் கேட்பார்கள். கேட்காத ஒன்றும் உண்டு. உங்களுக்குக் கவுன்சிலரைத் தெரியுமா, வட்டச் செயலாளரைத் தெரியுமா, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் உங்களுக்கு என்ன முறை வேண்டும்? யாரையும் தெரியாது என்றால் அது முகத்திலேயே எழுதியிருக்குமாம். ஆபீசில் படித்துவிடுகிறார்கள்.

என் அக்கா மகள் பத்தாம் வகுப்பில் 421 எடுத்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து அதே பள்ளிதான். பயாலஜி குரூப் கேட்டாள். “சீட் முடிஞ்சு போச்சும்மா. காமர்ஸ் இருக்கு, எழுதிக்கவா?” என்று கிளார்க் தலையைத் தூக்காமலே கேட்கிறார். விண்ணப்பம் கொடுக்க ஆரம்பித்ததே அன்றைக்குக் காலையில்தான். மொத்தம் எத்தனை இடம், எந்த மார்க் வரைக்கும் கொடுத்தீர்கள் என்று கேட்டால், “அதெல்லாம் எச்.எம். சார் பார்த்துச் செய்வார்.” இந்த ஒரு வரிக்கு மேல் அந்த ஆபீசில் யாரும் பேசத் தயாராக இல்லை.

மேசையில் ஒரு நீள நோட்டு இருந்தது. குரூப் வாரியாகப் பெயர்கள். சில பெயர்கள் பேனாவில், சில பெயர்கள் பென்சிலில். பென்சில் பெயர்களுக்குப் பக்கத்தில் மார்க் இல்லை, சின்னதாக இரண்டெழுத்து இனிஷியல் மட்டும். அது பையனின் இனிஷியல் அல்ல, சிபாரிசு செய்தவருடையது என்று வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் காதோடு சொன்னார். அவர் மூத்த மகனைச் சேர்த்த அனுபவசாலி. நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கையில் லெட்டர்பேடோடு, வரிசையைப் பார்க்காத மாதிரி நேராக எச்.எம். அறைக்குள் போனார். கூடவே ஒரு பையன். “தம்பி எந்த ஸ்கூல்?” என்று வெளியே வந்தவனைக் கேட்டேன். மெட்ரிக் பள்ளியாம். மார்க் 338. குரூப்? பயாலஜி. அவனே சந்தோஷமாகச் சொன்னான், பாவம், அவனுக்கென்ன தெரியும்.

சரி, விதிதான் இல்லையா என்றால், இருக்கிறது. அரசுப் பள்ளி பிளஸ் 1 சேர்க்கையிலும் 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி, மதிப்பெண் அடிப்படையில்தான் இடம் கொடுக்க வேண்டும். அப்படியென்றால் தரவரிசைப் பட்டியல் ஒன்று இருந்தே ஆக வேண்டும். அதை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட எவ்வளவு செலவாகும்? ஒரு ஏ4 தாள், கொஞ்சம் பசை. எங்கள் பள்ளி நோட்டீஸ் போர்டில் போன வருட டெங்கு விழிப்புணர்வு நோட்டீஸ் இன்னும் பத்திரமாக இருக்கிறது. பட்டியல் மட்டும் ஒட்ட மாட்டார்கள். ஒட்டிவிட்டால் அப்புறம் எதைப் பார்த்துச் செய்வது?

ஒரு குரூப்தானே, காமர்ஸ் படித்தால் குறைந்தா போய்விடும் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். காமர்ஸ் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு காமர்ஸ் அருமையான படிப்பு. ஆனால் நர்சிங், மருத்துவம் என்று கனவு காணும் பிள்ளையின் கதவை 15 வயதில் ஒரு பென்சில் நோட்டை வைத்து மூடுகிறார்கள். மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த வருடம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதற்குத் தகுதி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பயாலஜி கிடைக்கவில்லை என்று கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு போச்சு. கல்லூரிக்குப் போகும்போது கிடைக்கும் புதுமைப் பெண் திட்டத்து மாதம் 1,000 ரூபாயும் போச்சு. ஐந்து வருடம் அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளை அந்த உரிமையை இழக்கிறாள். மெட்ரிக்கில் படித்துவிட்டு வந்த பையனுக்கு அந்த ஒதுக்கீடும் கிடைக்காது, ஆனாலும் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்! இந்தக் கணக்கு ஆபீசில் யாருக்கும் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

எச்.எம். பக்கத்து நியாயம் என்று ஒன்று சொல்வார்கள். முதுகலை ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கிறது, பிரிவைக் கூட்ட முடியாது, இடம் குறைவு, மேலிருந்து போன் மேல் போன். உண்மைதான். எம்.எல்.ஏ. ஆபீசிலிருந்து போன் வந்தால் அந்த மனுஷன் என்ன செய்வார் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். செய்வதற்கு ஒன்று இருக்கிறது. பக்கத்து ஊர் எச்.எம். அம்மா ஒருவர் விண்ணப்பம் முடிந்த அன்று மாலையே மார்க்கோடு பட்டியலை வாசல் சுவரில் ஒட்டிவிடுவார். போன் செய்கிறவர்களிடம் “சார், லிஸ்ட் ஒட்டியாச்சு, இனிமே என் கையில இல்ல” என்பார். அவரை யாரும் தூக்கிச் சாப்பிட்டுவிடவில்லை. இங்கே நெருக்கடி என்று புலம்புகிறவருக்கு அந்த நெருக்கடியில் ஒரு சுகமும் இருக்கிறது. ஊரில் பெரிய மனிதர்கள் எல்லாம் தன் அறை வாசலில் வந்து நிற்கிறார்கள் அல்லவா?

பள்ளி மேலாண்மைக் குழு என்று சட்டத்திலேயே ஓர் அமைப்பு இருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசி பெற்றோர், பாதி பெண்கள். எங்கள் தெருவில் ஒரு அம்மா அதில் உறுப்பினர். சேர்க்கை பற்றிக் கூட்டத்தில் பேசினீர்களா என்று கேட்டேன். “தீர்மான நோட்டுல கையெழுத்து வாங்குவாங்க, டீயும் மிக்சரும் தருவாங்க, வந்துருவோம் தம்பி” என்றார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் பையன் அங்கேதான் ஒன்பதாவது படிக்கிறான்.

புகார் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுத்தோம். பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417-க்குப் பேசினோம், முதலமைச்சர் உதவி மைய எண் 1100-லும் பதிவு செய்தோம். அந்த மனு மேலே போய், மாவட்டத்துக்கு இறங்கி, கடைசியில் யாரிடம் விசாரணைக்கு வந்தது தெரியுமா? அதே எச்.எம்.மிடம். அவர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். “என்னம்மா, மேலிடத்துக்கெல்லாம் எழுதுறீங்களாமே? பொண்ணு இன்னும் ரெண்டு வருஷம் இங்கதான படிக்கணும்?” குரலை உயர்த்தவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். மனுவின் நிலை: “தீர்வு செய்யப்பட்டது.”

அந்தச் சிரிப்புக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஒவ்வொரு பாடத்திலும் அகமதிப்பீட்டு மதிப்பெண் 10 பள்ளியின் கையில். டி.சி.யில் நடத்தை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்பதும் அவர்கள் கையில். பிள்ளையைப் பணயமாக உள்ளே விட்டுவிட்டு எந்தத் தாய் வெளியே நின்று சண்டை போடுவாள்? அக்கா அன்று வீட்டுக்கு வந்து என்னிடம்தான் கத்தினாள், “உன்னால்தான்டா எல்லாம்” என்று.

நான் விடவில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் பட்டியலின் நகல் கேட்டிருக்கிறேன். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம். அதற்குள் சேர்க்கை முடிந்து, வகுப்பு தொடங்கி, முதல் இடைத்தேர்வே வந்துவிடும். பட்டியல் கையில் கிடைத்தாலும் இந்த வருடம் அவளுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அடுத்த வருடம் வரிசையில் நிற்கும் யாருக்காவது உதவட்டும்.

இவள் இப்போது காமர்ஸ் வகுப்பில் இருக்கிறாள். கணக்குப்பதிவியலுக்கு ஆசிரியர் பணியிடம் காலி என்பதை அட்மிஷன் போட்ட பிறகுதான் சொன்னார்கள்.