பெருசாயிடுச்சாம்!

“ஐயோ, இவ்ளோ பெருசாயிடுச்சா? ஃபோட்டோல குட்டியா இருந்துச்சே!”

நாய்க்குட்டியைத் தத்தெடுக்க வர்றவங்க சொல்ற இந்த வசனத்தை இன்னொரு தடவை கேட்டா நான் மரியாதையா பேசுவேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. ஆமாங்க, பெருசாயிடுச்சு. சோறு போட்டா வளரும். நீங்க பார்த்த ஃபோட்டோ வைகாசியில எடுத்தது, இப்போ நடக்கறது புரட்டாசி. “இந்த வாரம் வந்து எடுத்துக்கறோம்”னு சொன்னவங்கள்ல ஒருத்தராவது சொன்ன தேதிக்கு வந்திருந்தா அது உங்க வீட்ல வளர்ந்திருக்கும். வரல, என் வீட்ல வளர்ந்துடுச்சு. இதுல நாய் என்ன தப்பு பண்ணிச்சு?

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். நான் பண்றது ஃபாஸ்டர். தெருவுல கெடக்கற குட்டியைக் கொண்டு வந்து, உடம்பைத் தேத்தி, ஊசி போட்டு, மனுஷங்களோட பழக்கி, நல்ல வீடு அமையற வரைக்கும் வெச்சிருந்து அனுப்பறது. சம்பளம் கெடையாது, கைக்காசுதான் போகும். இப்போ என்கிட்ட இருக்கறவ பேரு மிளகு. கன்னங்கரேல்னு இருப்பா, நெஞ்சுல மட்டும் ஒரு வெள்ளைக் கீத்து. தாம்பரம் பக்கம் சர்வீஸ் ரோட்டுல தாயைத் தண்ணி லாரி அடிச்சுட்டுப் போயிடுச்சு. நின்னுட்டிருந்த லோடு ஆட்டோவுக்கு அடியில இவளும் இவ தம்பியும். “மேடம், நீங்க நாய் மேடம்தானே?”ன்னு ஃபோன். எடுத்துட்டு வந்தப்ப கண்ணு தெறந்து ரெண்டு மூணு வாரம் ஆகியிருக்கும். காது மடல் முழுக்க உண்ணி. வயிறு உப்பிப் போயிருந்துச்சு, அவ்வளவும் பூச்சி.

தம்பி தங்கல. குட்டி நாய்ங்களுக்கு வர்ற வைரஸ் நோய், பார்வோ. வாந்தி, அப்புறம் ரத்தமா பேதி. அந்த நாத்தம் ஒரு தடவை மூக்குல ஏறிட்டா மறக்கவே முடியாது. டாக்டர் ட்ரிப்ஸ் ஏத்தினாங்க, ஊசி போட்டாங்க, அந்த வைரஸை நேரடியாக் கொல்ற மருந்துன்னு ஒண்ணு கைவசம் இல்லாததால உடம்பு தாங்கற வரைக்கும் தாங்க வெக்கறதுதான் வைத்தியம்னாங்க. அவன் உடம்பு தாங்கல. இவளுக்கும் வந்துடுமோன்னு குட்டிங்களை வெச்சிருந்த பாத்ரூமை நாள் தவறாம ப்ளீச் ஊத்திக் கழுவினேன். ஃபினாயில் ஊத்தினாப் போதும்னு நெனைக்கறவங்க தயவுசெஞ்சு கேட்டுக்கோங்க: பார்வோ ஃபினாயிலுக்கு அசையாது. ப்ளீச்சைத் தண்ணியில கலந்து ஊத்தி, பத்து நிமிஷம் ஊற விட்டுத்தான் கழுவணும். மண்ணுல விழுந்துட்டா மாசக்கணக்குல உயிரோட இருக்கும் அது. அதனாலதான் ஊசி முடியாத குட்டியைத் தரையில விடாதீங்கன்னு கத்தறோம்.

இங்கதான் எல்லாச் சிக்கலும் ஆரம்பிக்குது. குட்டிக்கு முதல் ஊசி ஆறு, எட்டு வாரத்துல. ஆனா தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புச் சக்தி ரத்தத்துல இருக்கற வரைக்கும் அந்த ஊசி சரியாப் பிடிக்காது. அது எப்போ குறையும்ங்கறது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவைன்னு 16 வாரம் வரைக்கும் போட்டாத்தான் நம்ப முடியும். மூணு மாசம் ஆனதும் ரேபிஸ் ஊசி தனி. நடுநடுவே பூச்சி மருந்து. ஆக, “குட்டி ரெடி, வந்து கூட்டிட்டுப் போங்க”ன்னு நான் மனசறிஞ்சு சொல்லணும்னா அதுக்கு நாலு மாசமாவது ஆகும். ஆனா நம்ம ஜனங்களுக்கு வேணுங்கறது 30 நாள், 45 நாள் குட்டி. உள்ளங்கையில வெச்சு செல்ஃபி எடுக்கணும், பாட்டில்ல பால் குடுக்கணும், அதுவும் மாட்டுப்பால், குடிச்சுட்டு அது பேதியாகணும். காசுக்கு விக்கறவங்களே எட்டு வாரத்துக்குக் குறைஞ்ச குட்டியை விக்கக்கூடாதுன்னு 2017-லயே விதி போட்டாச்சு. இதைச் சொன்னா, “அதெல்லாம் எங்க ஊர்ல கண்ணு தெறக்கறதுக்குள்ள எடுத்துட்டு வந்துடுவோம் மேடம்”னு எனக்கே பாடம். எடுத்துட்டு வந்துடுவீங்க சரி, அதுல எத்தனை பொழச்சுதுன்னும் சொல்லிடுங்களேன்.

அதாவது, பொறுப்பில்லாம ஒண்ணரை மாசத்துலயே யார் கையிலயாவது திணிச்சுட்டா என் வேலை சுலபமா முடியும். பொறுப்பா எல்லா ஊசியும் போட்டு முடிச்சா அதே குட்டி ‘பெருசு’. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!

ஃபோன் விசாரணைகளைக் கேளுங்க. எடுத்த எடுப்புல “ஆணா, பொண்ணா?” பொண்ணுன்னா, “ஓ... ஆண் இருந்தா சொல்லுங்க.” ஏன்னு கேட்டா, “குட்டி போடும்ல?” ஆறு மாசம் கழிச்சு கருத்தடை பண்ணிடலாம், அந்தச் செலவையும் நானே பாத்துக்கறேன்னு சொன்னா, “ஐயோ பாவம், ஒரு தடவையாவது தாயாக வேணாமா?” இதென்ன கணக்கு? குட்டி போட்டாலும் கஷ்டம், போடாம இருந்தாலும் பாவமா? அடுத்தது “கலர் என்ன?” கருப்புன்னா அந்தப் பக்கம் அமைதி. பைரவருக்கு வடைமாலை சாத்தறது, தேய்பிறை அஷ்டமிக்கு விளக்கு போடறது எல்லாம் கோயிலோட சரி போல. அப்புறம் “ப்ரீட் என்ன?” நாட்டு நாய்தான்னா, “நாட்டு நாய்னா ராஜபாளையம், சிப்பிப்பாறை இந்த மாதிரிதானே? இது தெரு நாயாச்சே”ங்கறாங்க. தெருவுல கெடந்துச்சு, ஆமா. நாய் தானா போய் முனிசிபாலிட்டியில தெருவுக்கு விண்ணப்பம் போட்டுச்சா?

ஒருத்தர் இருக்கார், அவரை மறக்கவே மாட்டேன். “மேடம், நகம் எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க. இருபது இருந்தாத்தான் வீட்டுக்கு ராசி.” சாதாரணமா நாய்க்கு முன்னங்கால்ல அஞ்சஞ்சு, பின்னங்கால்ல நாலு நாலு, மொத்தம் 18. சில நாய்க்குப் பின்னங்கால்ல கூடுதலா ஒண்ணு தொங்கும், பிறவியில வர்றது, அவ்வளவுதான். இருந்தாலும் மடியில போட்டு எண்ணினேன். அவளுக்கு அது ஏதோ புது விளையாட்டு, ஒவ்வொரு காலா இழுத்து இழுத்து என் விரலைக் கடிச்சுட்டிருந்தா. பதினெட்டுதான்னு சொன்னேன். வெச்சுட்டார்.

இன்னொருத்தருக்கு மொட்டை மாடியில தண்ணி டேங்க் பக்கத்துல கட்டிப் போட ஒரு நாய் வேணும். “நெழலு இருக்குங்க, சாயங்காலத்துல.” இன்னொரு அம்மா பொண்ணோட பொறந்தநாளுக்கு சர்ப்ரைஸ் கிஃப்ட்டா குடுக்கணும்னாங்க, பொட்டியில வெச்சு ரிப்பன் கட்டி. பொம்மைக் கடைக்குப் போங்கம்மான்னு வாய் வரைக்கும் வந்துச்சு.

இவங்களையெல்லாம் கூட விட்டுடலாம். நேரா வேண்டாம்னு சொல்றவங்க நேர்மையானவங்க. என் ரத்தம் கொதிக்கறது ‘வெச்சிருங்க’ கோஷ்டிமேல. ஆனி மாசம் ஒரு குடும்பம் வந்தாங்க. பக்கத்து ஏரியாதான். குழந்தைங்க தரையில உக்காந்து ரொம்ப நேரம் விளையாடுச்சுங்க, மிளகு அந்தச் சின்னப் பையன் மடியிலயே தூங்கிட்டா. எல்லாருக்கும் புடிச்சுப் போச்சு. கெளம்பும்போது அந்த அம்மா, “ஆடி பொறக்கப் போகுது, ஆடியில புதுசா ஒரு ஜீவனை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர வேணாம்னு மாமியார் சொல்றாங்க. ஆவணி முதல் வாரம் வந்துடறோம், யாருக்கும் குடுத்துடாதீங்க”ன்னாங்க. சரின்னேன். ஆடி முழுக்க வந்த விசாரணையை எல்லாம் ‘பேசி முடிஞ்சாச்சு’ன்னு திருப்பி அனுப்பினேன். அதுல ரெண்டு பேர் உருப்படியா கேள்வி கேட்டவங்க. ஆவணி பொறந்துச்சு. ஃபோன் பண்ணினா எடுக்கல. அந்த அம்மாவோட வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ்ல புஸுபுஸுன்னு ஒரு ஷிஹ் சூ நாய், தலையில பிங்க் கிளிப். “நியூ ஃபேமிலி மெம்பர்.” வாங்கினது எனக்குப் பிரச்சனையே இல்ல. ‘வேற நாய் வாங்கப் போறோம், நீங்க வேற ஆளைப் பாருங்க’ன்னு ஒரு வரி. ஒரே ஒரு வரி! அதுக்கு விரல் வலிக்குதா?

அந்த ஆடிதான் அவளோட காலம். குட்டிங்க யாரைப் பாத்தாலும் பயப்படாம ஒட்டிக்கற பருவம் மூணு மாசத்தோட ஏறக்குறைய முடிஞ்சுடும். அதுக்குள்ள குக்கர் விசில், மிக்ஸி, ஆட்டோ ஹாரன், தாடி வெச்ச ஆளு, குடை பிடிச்ச ஆளுன்னு எல்லாத்தையும் காட்டிப் பழக்கணும். நான் பழக்கினேன். ஆனா புது வீட்டு வாசனையும் புது மனுஷங்களும் அந்த வயசுல கெடைச்சிருந்தா அவளுக்கு எவ்ளோ சுலபமா இருந்திருக்கும்!

இதே ஆடியிலதான் கோர்ட்டுச் செய்தியும் வந்துச்சு. 2025 ஆகஸ்ட் 11, டெல்லி சுத்துவட்டாரத்துத் தெருநாய்களைப் புடிச்சுக் காப்பகத்துல அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம். அன்னைக்கு சாயங்காலமே எங்க அபார்ட்மென்ட் குரூப்ல ஆளாளுக்கு நீதிபதி. 22ஆம் தேதியே மூணு நீதிபதி அமர்வு அதை மாத்தி, கருத்தடை பண்ணி ஊசி போட்டு எடுத்த இடத்துலயே விடுங்க, வெறி புடிச்சதையும் ஆக்ரோஷமா இருக்கறதையும் மட்டும் விடாதீங்கன்னு சொன்னதை அதே குரூப்ல போட்டேன். ஒருத்தரும் படிக்கல. செகரட்டரி சார் லிஃப்ட்ல வெச்சுக் கேக்கறார், “நீங்க நாய் வளக்கறீங்களா, ஆசிரமம் நடத்தறீங்களா?” சங்கம் செல்லப் பிராணிகளைத் தடை பண்ண முடியாது, லிஃப்ட்ல ஏத்தக்கூடாதுன்னும் சொல்ல முடியாதுன்னு விலங்கு நல வாரியம் 2015-லயே சுத்தறிக்கை விட்டிருக்குன்னு சொன்னா, “அதெல்லாம் ஓனருக்குத்தான்.” நான் ஓனர்தான் சார்!

கடிபட்டவங்க பயத்தை நான் கிண்டல் பண்ணல. ரேபிஸ் வந்துட்டா பொழைக்கறது கெடையாதுன்னு எனக்கும் தெரியும். கீழ் வீட்டு ஆன்ட்டி பேரனை ஒரு தடவை நாய் துரத்தியிருக்கு, அவங்க மிளகைப் பாத்து ஒதுங்கறது எனக்குப் புரியுது. ஆனா தெருவுல நாய் கொறையணும்னா எப்படிக் கொறையும்? ஊசி போட்டு, கருத்தடை பண்ணி, ஒரு வீட்டுக்குள்ள அனுப்பினாத்தானே ஒண்ணு கொறையும்? அதைத்தானே என் வீட்டுப் பாத்ரூம்ல பண்ணிட்டிருக்கேன்? அதுக்கும் என்னையே திட்டினா எப்படி?

“உனக்குத்தான் பாசம் ஜாஸ்தியாச்சே, நீயே வெச்சுக்கயேன்”னு எங்க சித்தியில இருந்து பால்காரர் வரைக்கும் யோசனை. அதைச் சொல்லும்போது ஏதோ பெரிய தீர்வைக் கண்டுபிடிச்ச திருப்தி வேற முகத்துல. சித்தி, என் வீட்ல ஏற்கெனவே ஒரு கிழட்டு நாய் இருக்கான். ஒரே ஒரு எக்ஸ்ட்ரா பாத்ரூம். இவளை வெச்சுக்கிட்டா அந்த இடம் அடைஞ்சுடும், அடுத்து லோடு ஆட்டோவுக்கு அடியில கெடக்கறதுக்கு இடம் இல்ல. வெச்சுக்க ஆசை இல்லன்னு நெனைக்கறீங்களா? ராத்திரி என் கால்மாட்டுல வந்து படுத்துக்கிட்டு, நான் புரண்டாக்கூட எழுந்து பாக்கற குட்டியை அனுப்ப எனக்கு மட்டும் கல்லு மனசா? அனுப்பினாத்தான் இந்த வேலை நடக்கும்.

போதாக்குறைக்கு, நான் இதைப் பண்றேன்னு தெரிஞ்சதுல இருந்து கேட் பக்கத்துல அட்டைப்பொட்டி வேற. போன வாரம் வாட்ச்மேன் அண்ணன் கூப்பிட்டுக் காட்டினார், உள்ள மூணு பூனைக்குட்டி. பூனை! கூட ஒரு பால் பாக்கெட் வெச்சிருந்தாங்க, அவ்வளவு அக்கறை.

எடுத்துட்டுப் போய்த் திருப்பிக் கொண்டு வந்து விடறவங்க கதை தனி. போன வருஷம் குடுத்த ஒரு குட்டி, செருப்பைக் கடிச்சுடுச்சுன்னு திரும்பி வந்துச்சு. கடிக்காம? நாலு மாசத்துல இருந்து பால் பல்லு 28-ம் விழுந்து 42 பல்லு முளைக்கணும், ஈறு அரிக்கும். மிளகுக்கு இப்போ அதே கட்டம். போன வாரம் மிதியடியில அவ பல்லு ஒண்ணு கெடந்துச்சு, அரிசிக் குருணை அளவுக்கு, நுனி மட்டும் சுருக்குனு. ஃப்ரீஸர்ல வெச்ச கேரட்டைக் குடுங்க, ஈரத்துணியை முறுக்கி உறைய வெச்சுக் குடுங்க, செருப்பைத் தூக்கி ஸ்டாண்டுல வைங்க. இதுக்குக்கூடப் பொறுமை இல்லன்னா நாய் எதுக்கு?

சரி. மிளகு இப்போ அஞ்சு மாசம். ஊசி எல்லாம் முடிஞ்சாச்சு, கார்டு கையில இருக்கு. வெளிய போய்த்தான் மூத்திரம் போவா, ‘உக்காரு’ன்னா உக்காருவா, பட்டாசுக்கு மட்டும் பயம். எடுக்கறவங்க மாநகராட்சி லைசென்ஸ் எடுக்கணும், கருத்தடைக்கு ஒத்துக்கணும், மொட்டை மாடியில கட்டக்கூடாது, வெறும் தயிர்சாதத்துல வளக்கக்கூடாது. புரட்டாசின்னா முட்டைக்குப் பதிலா பனீர் போடுங்க, நான் ஒண்ணும் சொல்லல. வீட்டை வந்து பாப்பேன். அது உங்களுக்கு அவமானமாப் பட்டா கூப்பிடவே கூப்பிடாதீங்க.

ஞாயித்துக்கிழமை ஒரு ஜோடி வர்றதா சொல்லியிருக்காங்க. மூணாவது மாடியாம். பால்கனிக்கு நெட் போட்டிருக்கான்னு நேத்து காலையில கேட்டேன். ப்ளூ டிக் விழுந்துடுச்சு. பதில்தான் இன்னும் வரல.