சிசேரியன் முழுக் காப்பு அல்ல
"சிசேரியன் செய்துகொண்டால் அடியிடுப்புத் தசை தளராது, சிறுநீர் கசியாது" என்று ஒருவர் எழுதியிருப்பது பாதி உண்மைதான். அடியிடுப்புத் தசை என்பது சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசை. சுகப்பிரசவத்தைவிட ஆபத்து குறைவு. ஆனால் இல்லாமல் போவதில்லை. மாதக்கணக்கில் கருப்பையின் எடையைத் தாங்குவது அந்தத் தசைகள்தானே! ஹார்மோன்களும் இணைப்புத் திசுவைத் தளர்த்துகின்றன. எங்கள் களியக்காவிளைப் பக்கம் பிரசவமானதும் வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டுவார்கள். அது இந்தத் தசைகளைப் பலப்படுத்தாது. பயிற்சிதான் பலப்படுத்தும். காற்றை அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுருக்கி, சில நொடிகள் நிறுத்தி, தளர்த்துங்கள். குறைந்தது 8 முறை, நாளுக்கு 3 தடவை, 3 மாதம். மூச்சை அடக்க வேண்டாம். சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பழகவும் வேண்டாம். கசிவு நீடித்தால், "பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், சகோதரிகளே. மகளிர் மருத்துவரிடம் போங்கள்.