மோசே தம் மரணத்தைத் தாமே எழுதினாரா?

பைபிளின் ஐந்தாம் நூலாகிய உபாகமத்தின் கடைசி அதிகாரத்தில், மோசே மோவாப் தேசத்தில் மரித்ததும், இஸ்ரவேலர் 30 நாள் அவருக்காகத் துக்கம் கொண்டாடியதும், அவரை அடக்கம் செய்த இடம் இந்நாள்வரை ஒருவருக்கும் தெரியாது என்பதும் எழுதப்பட்டிருக்கின்றன. பைபிளின் முதல் ஐந்து நூல்களாகிய ஐந்து ஆகமங்களையும் மோசேயே எழுதினார் என்று ஓய்வுநாள் பள்ளியில் கற்று வளர்ந்தவன் நான். அப்படியானால் இதை எழுதியது யார் என்று ஒருமுறை வேதபாட வகுப்பில் கேட்டபோது, அது அவிசுவாசிகள் கேட்கும் கேள்வி என்று சொல்லி என்னை உட்காரவைத்துவிட்டார்கள்.

ஆனால் அந்தக் கேள்வியை எனக்கு வெகு முன்பே யூத ரபிகள், அதாவது யூத வேத அறிஞர்கள், கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய போதனைகளையும் விவாதங்களையும் தொகுத்த பழைய நூலாகிய பாபிலோனியத் தல்மூதின் பாபா பத்ரா என்னும் பகுதியில், உபாகமத்தின் அந்தக் கடைசி எட்டு வசனங்களை எழுதியவர் மோசேக்குப் பின் தலைவரான யோசுவா என்று ஒரு கருத்து வருகிறது. ரபி சிமியோன் அதை ஏற்கவில்லை. அதுவரை கடவுள் சொல்லச் சொல்லத் தாமும் திருப்பிச் சொல்லி எழுதிய மோசே, அந்த எட்டு வசனங்களை மட்டும் கண்ணீரோடு எழுதினார் என்கிறார். இரண்டு கருத்துகளும் அங்கே அருகருகே நிற்கின்றன. யாரும் யாரையும் அவிசுவாசி என்று சொல்லவில்லை.

அதே பகுதி சாமுவேலின் புத்தகத்தைச் சாமுவேல் எழுதினார் என்றும் சொல்கிறது. அவரோ முதல் புத்தகத்தின் 25ஆம் அதிகாரத்திலேயே இறந்துவிடுகிறார். மீதியை ஞானதிருஷ்டிக்காரனாகிய காத்தும் நாத்தான் தீர்க்கதரிசியும் எழுதி முடித்தார்கள் என்று ரபிகளே விடை தருகிறார்கள். பைபிளில் உள்ள பாடல்களாகிய சங்கீதங்களைத் தாவீது எழுதினார் என்று சொன்ன கையோடு, ஆதாம், ஆபிரகாம், மோசே, ஆசாப், கோராகின் புத்திரர் உள்ளிட்ட பத்து மூப்பர்களையும் அவர்கள் அந்தப் பணியில் சேர்த்துவிடுகிறார்கள். இதில் ஆதாம் எப்படி வந்தார் என்று சிரிக்கத் தோன்றினாலும், ஒரு நூலுக்குப் பல கைகள் இருக்கலாம் என்பது அவர்களை உறுத்தவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜாவைப் பற்றிய வரிதான். ஏசாயா, நீதிமொழிகள், உன்னதப்பாட்டு, பிரசங்கி ஆகிய நான்கு நூல்களையும் எசேக்கியாவும் அவரைச் சேர்ந்தவர்களும் "எழுதினார்கள்" என்று தல்மூது சொல்கிறது. ஏசாயா நூலில் உள்ள வாக்கு ஏசாயா தீர்க்கதரிசியுடையது என்பதில் அந்த ரபிகளுக்கு ஐயமே இல்லை. ஆகவே அவர்கள் வாயில் "எழுதினார்" என்ற சொல், தொகுத்து ஏட்டில் ஏற்றுவதையும் குறித்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். இன்றைய நூலின் அட்டையில் ஆசிரியர் பெயரைப் பார்க்கும் கண்ணோடு மோசேயையும் தாவீதையும் பார்ப்பதால்தான் இவ்வளவு சண்டையும் வருகிறது.

இதற்குத் தல்மூதைக்கூடப் புரட்ட வேண்டாம். நீதிமொழிகள் 25ஆம் அதிகாரத்தின் முதல் வசனமே, இவையும் சாலொமோனின் நீதிமொழிகள், இவற்றைப் பெயர்த்தெழுதியவர்கள் எசேக்கியாவின் மனுஷர் என்கிறது. இரண்டு ராஜாக்களுக்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு.