தேய்த்துக் கழுவிய கற்கோடரி

தொல்பொருள் சேகரிப்பவர் ஒருவர் வெளியிட்ட அந்தக் காணொளியைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்பது புரியும். கரீபியன் தீவுகளின் பழங்குடிகளான தைனோ மக்களின் கற்கோடரி ஒன்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, எண்ணெய் பூசி, "எந்தத் தீவில் கிடைத்தது என்பதா முக்கியம், அழகைப் பாருங்கள்" என்கிறார் அவர். கிடைத்த இடம்தான் முக்கியம். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

கரீபியனின் ஆன்டிகுவா தீவில் அகழ்ந்தெடுத்த கோடரிகளின் ஜேடைட் என்னும் கடினமான பச்சைக் கல், சுமார் 3000 கிலோமீட்டர் தொலைவில் குவாத்தமாலாவின் மோட்டகுவா பள்ளத்தாக்கிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று 2006-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கிடைத்த இடம் பதிவாகியிருந்ததால்தான் அப்படியொரு கடல்வழி உறவைப் பற்றிப் பேசவே முடிந்தது. மெக்சிகோவின் பால்சாஸ் பள்ளத்தாக்கில் 8700 ஆண்டுகளுக்கு முன்பே மக்காச்சோளம் அரைத்தார்கள் என்பதைக் காட்டியவையும் அரைக்கும் கற்களில் ஒட்டியிருந்த மாவுச்சத்துத் துகள்கள்தாம். கம்பித் தூரிகை பட்ட கல்லில் அவை மிஞ்சுமா?

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியில் நானும் ஒன்று வாங்கினேன். கரும்பச்சை நிறம், உள்ளங்கை அளவு, பூவிதழ் வடிவம்; வெட்டுவாயின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. அது எந்த மரத்தை வெட்டியபோது பெயர்ந்ததோ என்று பல இரவுகள் அதைத் தடவிப் பார்த்திருக்கிறேன். சீட்டில் 'கரீபியன்' என்ற ஒரே சொல்தான் இருந்தது. ஆய்வாளர் ஒருவரிடம் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தீவு?" பதில் சொல்ல முடியாமல் துணியில் சுற்றி எடுத்துவந்தேன். அதன்பின் எதையும் வாங்கவில்லை.

"நீயும் வாங்கியவன்தானே" என்கிறீர்கள். ஆம், அதனால்தான் பேசுகிறேன். உழும்போது கண்ணில் படுவதை எடுத்துவைக்கும் விவசாயியை நான் குறை சொல்லவில்லை. இடத்தையும் நாளையும் எழுதிவைத்து, அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொன்னால் போதும் என்கிறேன். ஆனால் மெக்சிகோவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்பானியர் வருகைக்கு முந்தைய தொல்பொருள்கள் நாட்டின் உடைமை; அங்கே தோண்டி விற்பவருக்கும் இந்த விவசாயிக்கும் ஒரே நியாயம் பேசாதீர்கள். அருங்காட்சியகங்களும் பூட்டித்தானே வைக்கின்றன என்பவர்களுக்கு: பூட்டிய பெட்டிக்குள் இடம் குறித்த சீட்டு இருக்கிறது.

எனக்குப் பொறாமை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இத்தனை ஆண்டு என் பதிவுகளைப் படித்தவர் அவர் என்பதுதான் வலிக்கிறது. அந்தக் காணொளியை இன்னொரு முறை பாருங்கள். தொடக்கத்தில் கோடரியின் வெட்டுவாயில் பழுப்பாக ஏதோ படிந்திருக்கிறது. மூன்றாவது நிமிடத்தில் அது இல்லை.